சார், அந்த டிவி ஆடிட்டருக்கா எங்களுக்கா?

பிளாண்ட் ஹெட் சாருக்கு வணக்கம். புரொடக்‌ஷன் மேனேஜர் சாருக்கும் ஹெச்ஆர்ல இருக்கறவங்களுக்கும் சேத்து தான் எழுதறேன். கேன்டீன் வழியில நீங்க மாட்டின டிவி எங்களுக்கு உதவல, ஷிஃப்ட் மாறும்போது விஷயத்த சொல்லிக் குடுக்க மெஷின் பக்கத்துல ஒரு போர்டு வேணும்னு கேக்கத்தான் இது. ஓசூர் சிப்காட்ல நம்ம மெஷின் ஷாப்புல பதினோரு வருஷமா இருக்கேன், ஆபரேட்டரா சேந்து இப்ப மெஷின செட் பண்ணிக் குடுக்கற செட்டர். கம்பெனி பேர் போடல, படிச்சா உங்களுக்கே தெரியும்.

போன மாசம் நைட்டு 86 பீஸ் ஸ்க்ராப் ஆச்சுல்ல, அதுக்கு அந்த மெஷின் ஓட்டின பையனுக்கு மெமோ குடுத்தீங்க. நடந்தது என்னன்னா, செகண்ட் ஷிஃப்ட்ல இன்சர்ட் (வெட்டற முனை) தேயத் தேய போர் (பீஸ்ல குடையற ஓட்டை) சின்னதாகுதுன்னு ஓட்டினவரு வேர் ஆஃப்செட்ல (தேஞ்சதுக்கு ஈடா மெஷின்ல போடற திருத்தம்) கொஞ்சம் கொஞ்சமா குடுத்து 40 மைக்ரான் வரைக்கும் ஏத்தி வச்சிருந்தாரு, ஒம்போது அம்பதுக்கு பாத்தா இன்சர்ட் மூக்கு பிஞ்சிருக்கு, புதுசு மாத்திட்டாரு, ஆனா ஆஃப்செட்ட ஜீரோ பண்ண மறந்துட்டாரு, இனி ஓட்டை பெருசா தான் விழும், பத்து அஞ்சுக்கு பஸ்ஸு, கையக் கழுவிட்டு ஓட்டம். லாக் புக்ல "மெஷின் ஓகே". வந்த பையன் அத நம்பி ஸ்டார்ட் குடுத்துட்டான். ராத்திரி பூரா பிளக் கேஜ்ல (ஓட்டை அளவு பாக்கறது, கோ பக்கம் உள்ள போகணும், நோ-கோ பக்கம் போகக் கூடாது) கோ பக்கம் மட்டும் விட்டுப் பாத்திருக்கான், பெரிய ஓட்டைல கோ போகாம என்ன பண்ணும்? காலைல நான் நோ-கோவ விட்டேன், வழுக்கிட்டு உள்ள போகுது. போர் சின்னதா இருந்தா இன்னொரு தடவ ஓட்டி எடுத்துடலாம், பெருசாயிட்டா காயலான் கடை தான்.

பையன் மேல தப்பே இல்லன்னு சொல்லல. ஆனா இன்சர்ட் மாத்தினதே தெரியாதவனுக்கு ஃபர்ஸ்ட் பீஸ் செக் பண்ணணும்னு எப்படி சார் தோணும்?

இது நம்ம ஷாப்புல மட்டும் நடக்கற கதை இல்ல. 2005 மார்ச் 23, அமெரிக்கால டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரி வெடிச்சு 15 பேர் செத்தாங்க. அதுல நைட் ஷிஃப்ட் ஆளு ஒரு டவர்ல எண்ணெய் ஏத்திட்டு லாக்ல எழுதிட்டுப் போனது ஒரே ஒரு வரி, எவ்ளோ ஏத்தினோம் எதெதுக்கெல்லாம் ஏத்தினோம்னு தெளிவா இல்ல, காலைல வந்தவங்க மேல மேல ஏத்திட்டாங்க. வேற காரணமும் நெறைய இருந்துச்சு, ஆனா அந்த ஒரு வரிய விசாரணை பண்ணவங்களும் விடல.

இன்னொண்ணு, நம்ம லாக் புக்க யாரு படிக்கறா? ஓட்டறவங்கள்ல பாதி பேரு ஒடிசா, பீகார் பசங்க, மிச்சத்துல தெலுங்கு, கன்னடம் பேசறவங்க, நான் தமிழ்ல எழுதினா அவனுக்கு புரியாது, அவன் ஹிந்தில எழுதினா எனக்கு புரியாது. போர்டுல ஒரு சிவப்பு காந்தம் ஒட்டினா, ஏதோ கோளாறுன்னு எல்லாருக்கும் புரியும்.

நீங்க கேன்டீன் வழியில பெரிய டிவி மாட்டியிருக்கீங்க, கிராஃப் எல்லாம் ஓடுது, கஸ்டமர் ஆடிட்டுக்கு வந்தவங்க நின்னு பாத்தாங்க, சந்தோஷம். எங்கள்ல ஒருத்தரும் நின்னு பாத்து நான் பாக்கல, சோத்துக்குப் போற வழியில எவன் சார் கிராஃப் பாப்பான். எங்களுக்கு வேணும்ங்கறது மெஷின் பக்கத்துல ரெண்டடி அளவுல ஒரு வெள்ளை போர்டு. இன்சர்ட் எத்தன மணிக்கு மாத்தினது, ஆஃப்செட் இப்ப எவ்ளோ, கடைசி பீஸோட அளவு, அவ்ளோ தான். கீழ ஒரு தட்டு, கடைசியா ஓட்டின பீஸ் அதுல இருக்கணும், வர்றவன் தன் கையால கேஜ் விட்டுப் பாத்துட்டு தான் பட்டன அமுக்கணும். பச்சை, மஞ்சள், சிவப்புல மூணு காந்தம்.

சிவப்ப பத்தி தான் முக்கியமா சொல்லணும். போன வருஷம் மூணாவது லைன்ல இதே மாதிரி ஒரு போர்டு வச்சோம், ஞாபகம் இருக்கா? முத வாரம் ஒருத்தர் சிவப்பு வச்சாரு, மார்னிங் மீட்டிங்ல எல்லாரு முன்னாடியும் நிக்க வச்சு கேள்வி கேட்டீங்க, மறுநாள்ல இருந்து போர்டு பூரா பச்சை, மெஷின் எண்ணெய் ஒழுகிட்டு நின்னாலும் பச்சை! டொயோட்டால ஆண்டான்னு ஒரு எச்சரிக்கை விளக்கு, அதுக்கு ஒரு கயிறு இருக்கும் (இப்ப சில பிளாண்ட்ல பட்டன்), லைன்ல இருக்கறவன் சந்தேகம்னா இழுப்பான், விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவாரு, வந்து "என்ன ஆச்சு"ன்னு தான் கேப்பாரு, "ஏன்டா இழுத்த"ன்னு கேக்க மாட்டாரு. அந்தக் கேள்வி மாறலேன்னா போர்டு வாங்கற காசு தண்டம்.

அப்புறம் டைம். பத்து மணிக்கு ஷிஃப்ட் முடியுது, பத்து அஞ்சுக்கு பஸ், இதுல எங்க நின்னு பேசறது? பஸ்ஸ பத்து இருபதுக்கு தள்ளுங்க. ஓவர்லாப் ஷிஃப்ட் கூடாதுன்னு ஹெச்ஆர் சொல்வாங்க, 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்லயே இருந்துச்சு, எனக்கும் தெரியும். ரெண்டு ஷிஃப்டும் சேந்து மெஷின் ஓட்டறதுக்கு நாங்க கேக்கல, மெஷின நிறுத்திட்டு போர்டு முன்னாடி நின்னு பத்து நிமிஷம் பேசறதுக்கு தான், அதுக்கு சட்டப்படி என்ன வழின்னு அவங்களே பாத்து சொல்லட்டும். அந்த பத்து நிமிஷத்துக்கு காசு குடுக்கணும், கான்ட்ராக்ட் பசங்களுக்கும் சேத்து.

ஸ்டோர்ல ரெண்டு பழைய போர்டு தூசி புடிச்சு கெடக்கு, திங்கக்கிழமை நானே எடுத்து தொடச்சு நாலாவது லைன்ல மாட்டிடறேன். பஸ்ஸையும் அந்தப் பையன் மெமோவையும் நீங்க பாருங்க.