கொடி அசைப்பவர் வரும்வரை குதிரையைக் காக்க வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய எண்டூரன்ஸ் (நெடுந்தூரக் குதிரைச் சவாரி) போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு, வணக்கம்.

அழைப்பிதழில் காலை 6 மணி என்று அச்சிட்டிருந்தீர்கள். பங்குனி ஞாயிறு, கள்ளந்திரிப் பக்கம் கால்வாய்க்கரை, 20 கிலோமீட்டராக 2 சுற்று. கொடி அசைந்தது 8.20க்கு. ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், கொடி அசைக்க வந்து மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்ட சிறப்பு விருந்தினருக்கும் தெரியும். அதைக் கிளற விரும்பவில்லை. அந்த 2 மணி 20 நிமிடத்தில் குதிரையின் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: அச்சிட்ட நேரத்துக்குக் குதிரைகளை விடுங்கள்.

6 மணி என்று சொல்லிவிட்டால், குதிரை வைத்திருக்கும் வீட்டில் கடிகாரம் பின்னோக்கி ஓட ஆரம்பிக்கும். தானியத் தீவனம் 2 மணிக்குள் முடிய வேண்டும். அதன்பிறகு காய்ந்த புல் மட்டும், அதுவும் கடைசிவரை; குடலில் கிடக்கும் புல்தான் குதிரை சுமந்து போகும் தண்ணீர்த் தொட்டி. 5 மணிக்கு, உப்பும் பொட்டாசியம் குளோரைடும் குழைத்த எலக்ட்ரோலைட்டை ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து வாயோரம் கொடுத்து, தண்ணீர் காட்ட வேண்டும். 5.30க்குச் சேணம். 5.40க்கு நடை, கொஞ்சம் டிராட் எனும் மெல்லோட்டம், கடைசியாக வயிற்றுவாரை ஒரு துளை இறுக்கி, பிள்ளைகளை ஏற்றி வரிசைக்கு வர வேண்டும். அன்று எல்லாக் குடும்பமும் இதைச் சரியாகச் செய்துவிட்டுத்தான் வரிசையில் நின்றது.

அப்போதுதான் மைக்கில் முதல் அறிவிப்பு: "இதோ, இன்னும் பத்தே நிமிடத்தில் வந்துவிடுவார்."

அந்தப் பத்து நிமிடத்தை எத்தனை தடவை சொன்னீர்கள் என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் கெடுத்தது தாமதத்தைவிட அந்தப் பத்து நிமிடம்தான். 8.20 ஆகும் என்று 6 மணிக்கே சொல்லியிருந்தால், சேணத்தைக் கழற்றி, புளியமரத்து நிழலில் கட்டி, புல்லைப் போட்டு, தண்ணீர் காட்டி, 7.50க்கு மறுபடி தயார் ஆகியிருக்கலாம். பத்து நிமிடம் என்றால் யார் கழற்றுவார்கள்? தண்ணீர் கொண்டுவந்த டிராக்டர் டேங்க் நின்றது கார் நிறுத்தும் இடத்தில். வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடும் என்ற பயம் வேறு. வயிற்றுவார் இறுகியபடி, முதுகில் பிள்ளையோடு, புல்லும் தண்ணீரும் இல்லாமல் நின்றன குதிரைகள். கூட்டமாக ஓடிப் பழகிய குதிரை கோட்டருகே சும்மா நிற்காது. மண்ணைப் பறிக்கும், கடிவாளத்தை மெல்லும், தொடையிடுக்கில் நுரை தள்ளும். நிற்க வைத்தால் நிற்பதற்கு அது அய்யனார் கோவில் மண்குதிரை அல்ல.

5 மணிக்குக் கொடுத்த உப்பின் கதை இன்னும் மோசம். கூடவே தண்ணீர் குடித்தால்தான் அந்த உப்பு மருந்து. குடிக்காமல் நின்றால், உடம்பில் இருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். புறப்படும் முன்பே பல குதிரைகளின் ஈறு ஒட்டுகிற மாதிரி ஆகியிருந்தது. கட்டைவிரலால் ஈற்றை அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். அன்று கூடுதலாக நேரம் எடுத்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே படியவில்லை. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத குதிரைக்கு இந்த நிலை.

இனி வெயில் கணக்கு. மணிக்கு 12 கிலோமீட்டர் என்றால் ஒரு சுற்று 1 மணி 40 நிமிடம். 6 மணிக்கு விட்டிருந்தால் 7.40க்கு முதல் வெட் கேட் (கால்நடை டாக்டர்கள் குதிரையைச் சோதிக்கும் இடம்), 40 நிமிட ஓய்வு கழித்து இரண்டாம் சுற்று, 10 மணியை ஒட்டி எல்லாம் முடிந்திருக்கும். 8.20க்கு விட்டதால், முதல் வெட் கேட்டுக்கு வரவே 10 மணி. இரண்டாம் சுற்று முழுக்க உச்சி வெயிலில், நிழலில்லாத கரைமேல். வரைபடத்தில் நீலக்கோடாக இருந்த கால்வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெட் கேட் விதி நீங்கள் அறிந்ததே. வந்த 15 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 64க்கு இறங்க வேண்டும். இறங்கிக் காட்டிய பிறகே ஓய்வு நேரம் தொடங்கும். அதுவரை போகும் ஒவ்வொரு நிமிடமும் சவாரி நேரத்தில்தான் சேரும். அந்த 15 நிமிடம்தான் குடும்பத்தின் வேலை. ஒருவர் சேணத்தைக் கழற்ற, ஒருவர் கழுத்து, மார்பு, தொடையிடுக்கு என்று ரத்தக்குழாய் மேலாக ஓடும் இடங்களில் தண்ணீர் ஊற்ற, ஒருவர் ஸ்டெதாஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து எண்ண வேண்டும். ஊற்றிய தண்ணீர் சில நொடியில் சூடாகிவிடும் என்பதால் விடாமல் ஊற்ற வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்திவிட்டால் அது கம்பளி மாதிரி சூட்டை அடைத்துக்கொள்ளும். ஒரு குதிரைக்கு நாலைந்து 20 லிட்டர் கேன் சாதாரணமாகப் போகும். டேங்க் தண்ணீரோ 10 மணிக்கு டீ போடுகிற பதத்தில் இருந்தது.

72, 70, 70, 68. அங்கேயே நின்றுவிட்டது பல குதிரைகளின் துடிப்பு. சிலவற்றுக்கு விலாப்பக்கம் விக்கல் போல வெட்டி வெட்டி இழுத்தது. கையை வைத்தால் இதயத்துடிப்பும் அந்த இழுப்பும் ஒரே தாளம். வியர்வையில் உப்பும் சுண்ணாம்புச் சத்தும் போய்விட்டதன் அடையாளம் அது. ஓட விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. காலில் குறையில்லை, லாடம் கழலவில்லை, ஓட்டிய பிள்ளைகள் மேலும் தவறில்லை. வெட் கார்டில் 'மெட்டபாலிக்', அதாவது உடம்பின் உள்நிலை கெட்டுவிட்டது என்று எழுதி வெளியே அனுப்பினார்கள். டாக்டர்கள் செய்தது சரி. ஆனால் அந்தக் கார்டில் காரணத்துக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் 'சிறப்பு விருந்தினர்' என்று நாங்களே எழுதித் தந்திருப்போம்.

புறப்படும் கோட்டின் இரு பக்கமும் அவருடைய முகம் போட்ட ஃப்ளெக்ஸ், காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே. மதுரையில் அந்த முகத்துக்குப் பழகாதவை அந்தக் குதிரைகள் மட்டும்தான், மிரண்டன. செண்டை மேளம் வேறு. அடுத்த வருடம் வேட்டும் போடுவதாகக் கேள்வி. இதே ஊரில் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு நடுவே தங்கக்குதிரையில் வரும் அழகர், குறித்த நேரத்துக்கு விடியற்காலையிலேயே வைகையில் இறங்கிவிடுகிறார். வெயிலுக்குக் குளிர்ச்சியாகத் தோல் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சவும் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். சாமிக்குத் தெரிந்தது கமிட்டிக்குத் தெரியாமல் போனது எப்படியோ.

மன்னிக்கவும், மரியாதையாகக் கேட்க வந்துவிட்டு எங்கெங்கோ போய்விட்டோம்.

விருந்தினரை அழைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவரை 10 மணிக்கு அழையுங்கள். குதிரைகள் கடைசிச் சுற்று முடித்து வருவதைப் பார்க்கட்டும், பரிசு கொடுக்கட்டும், பொன்னாடையும் போர்த்துங்கள். கைதட்ட நாங்கள் இருக்கிறோம். புறப்பாட்டுக் கொடியைத் தலைமை டாக்டர் அசைத்தால் போதும். மீறித் தாமதமானால், எவ்வளவு என்று உண்மையான நேரத்தை ஒரே தடவை சொல்லிவிடுங்கள், சேணத்தைக் கழற்றிவிடுவோம். டேங்கைக் கோட்டருகே, நிழலில் நிறுத்துங்கள். முடிந்தால் போட்டியை மார்கழிக்கோ தைக்கோ மாற்றுங்கள். முடியாவிட்டால் பங்குனியே இருக்கட்டும், ஆனால் அச்சிட்ட நேரத்துக்குக் குதிரைகளை விடுங்கள்.

அடுத்த போட்டிக்கான அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஒரு வரி பதில் அனுப்பினால், தானியத்தை 2 மணிக்கு வைப்பதா, 4 மணிக்கு வைப்பதா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
மதுரை வட்டாரத்து எண்டூரன்ஸ் சவாரிக் குடும்பங்கள்