எங்கள் அம்மாவுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

வாகரை,
மட்டக்களப்பு மாவட்டம்.

பெருமதிப்பிற்குரியவர்களே,

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டபோது ஊரைவிட்டு வெளியேறி, மன்னாரில் படகேறி இராமேஸ்வரம் சேர்ந்த எங்கள் அம்மா, தமிழ்நாட்டு முகாம் வாழ்வு முடிந்து ஊர் திரும்பிய பின்னரே நோயுற்றார். ஊருக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். ஆனால், எங்கள் அண்ணனைப் பறிகொடுத்த மண்ணில் கால் வைத்ததும், அத்தனை காலமும் அடக்கி வைத்திருந்த துயரம் அவரைச் சாய்த்துவிட்டது. நித்திரை போனது, சாப்பாடு வெறுத்தது. விடியற்காலையில் வயலுக்குப் போகும் லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டாலே அடுக்களை மூலையில் ஒடுங்கிக் காதைப் பொத்திக்கொள்வார்.

நெஞ்சு அடைக்கிறது, தலை எரிகிறது என்று அவர் சொன்னதற்கெல்லாம் பரிசோதனைகளில் ஒரு குறையும் காணவில்லை. பேய் பிடித்திருக்கிறது, நூல் கட்டுங்கள் என்றவர்களும் இருந்தார்கள். இது மனச்சோர்வு, போர் தந்த மனவடு, குணப்படுத்தக்கூடிய வருத்தம் என்று முதலில் எங்களுக்குச் சொல்லி, வாழைச்சேனை வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்த குடும்பநல உத்தியோகத்தருக்கு முதல் நன்றி.

அங்கே வைத்தியர், நடந்ததைச் சொல்லும்படி அம்மாவை வற்புறுத்தவில்லை. மாத்திரை பலன் தர 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம், தேறிய பிறகும் 6 மாதங்களாவது தொடர வேண்டும், போதைபோலப் பழகிவிடும் என்று அஞ்ச வேண்டாம் என்று என்னை இருத்தி விளக்கினார். அந்த விளக்கம் கிடைத்திராவிட்டால் முதல் வாரத்திலேயே மருந்தை நிறுத்தியிருப்போம். போரால் பாதிக்கப்பட்ட மக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை உளவளத்துணையாளர் எடுத்துக்கூறியபோது, "அப்ப இது எனக்கு மட்டும் வந்த வருத்தம் இல்லையா மகள்?" என்று அம்மா கேட்டார். வாழைச்சேனைக்குப் போகத் தொடங்கியபின் அவர் தாமாக வாய் திறந்தது அன்றுதான்.

பக்கத்து வளவு மாமிக்கு என்ன கைம்மாறு செய்வேன்? ஒரு கேள்வியும் கேளாமல், பின்னேரங்களில் சுளகும் அரிசியுமாக வந்து அம்மாவின் அருகே அமர்வார். பல நாள் அவர் மட்டுமே கல் பொறுக்கினார். பிறகு அம்மாவின் கையும் சுளகுக்குள் போகத் தொடங்கியது.

அம்மா திடுக்கிடுவார் என்று ஹோர்ன் அடிக்காமலே கிளினிக்குக்குக் கொண்டுபோன, நோன்பு காலத்திலும் மறுக்காத ஓட்டமாவடி ஆட்டோக்கார நானாவுக்கும், அடையாள அட்டை அலைச்சலைக் குறைத்துத் தந்த கிராம உத்தியோகத்தருக்கும் எங்கள் நன்றி.

அம்மா இன்னும் மருந்து எடுக்கிறார். சில இரவுகளில் அலறி எழுவதும் உண்டு. ஆயினும் சமைக்கிறார், கோயிலடிக்குப் போகிறார். முகாம்களிலிருந்து இனித் திரும்பி வரும் குடும்பங்களுக்கு, வீட்டுக்கும் நிவாரணத்துக்கும் பதியும்போதே இந்தக் கவனிப்பும் கிடைக்க வழிசெய்யுமாறு பிரதேச செயலகத்தைத் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

என்றும் நன்றியுடன்,
முகாமில் பிறந்த இளைய மகள்