பழைய பேஸ்பால் நூல்களைக் கழித்துவிட வேண்டாம்

அமெரிக்கப் பொது நூலகங்களின் நூல்தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். வெளிவந்த ஆண்டையும் இரவல் போன கணக்கையும் பார்த்து நூல்களைக் கழிப்பது உங்கள் பணியின் ஒரு பகுதி. பேஸ்பால் அடுக்கில் மட்டும் அந்த அளவுகோலைச் சற்றே தளர்த்துமாறு, அவ்வாட்டத்தின் ரசிகன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். மைக்கேல் லூயிஸின் ‘மணிபால்’ (2003) எப்படியும் தங்கிவிடும். அது நல்ல நூல்தான். ஆனால் ஆட்டத்தை நிர்வாகியின் அறையிலிருந்து பார்ப்பது. களத்தில் நின்றவர்களின் குரல் அதற்கு முந்தைய நூல்களில்தான் இருக்கிறது.

பொருளியல் பேராசிரியரான லாரன்ஸ் ரிட்டர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடிய முதியவர்களை ஒலிப்பதிவுக் கருவியுடன் தேடிச் சென்று, அவர்கள் பேசியதை அவர்கள் வாய்மொழியாகவே தொகுத்து 1966இல் ‘தி குளோரி ஆஃப் தெயர் டைம்ஸ்’ என வெளியிட்டார். 1912 உலகத் தொடரின் (பேஸ்பாலின் ஆண்டு வாகையரைத் தீர்மானிக்கும் தொடர்) இறுதி ஆட்டத்தில் எளிய பந்தொன்றைத் தவறவிட்ட நியூயார்க் அணியின் ஃப்ரெட் ஸ்நோட்கிராஸ், அதற்காகவே வாழ்நாளெல்லாம் நினைவுகூரப்பட்டவர், அதில் பேசுகிறார். அதையடுத்து அவர் ஓடிப் பிடித்த அரிய பிடியால் ஆட்டமிழந்த பாஸ்டன் வீரர் ஹாரி ஹூப்பரும், அன்று வென்ற பந்தெறிவாளர் ஸ்மோக்கி ஜோ வுட்டும் அதே நூலில் பேசுகிறார்கள். இவை நடந்த அந்தப் பத்தாவது இன்னிங்ஸை மூன்று முதியவர்களின் நினைவில் ஒப்பிட்டுப் படிக்கும் இன்பத்தை எந்தப் புள்ளிவிவர நூலும் தருவதில்லை.

ஜிம் பௌட்டனின் ‘பால் ஃபோர்’ (1970) வேறு வகை. ஒரே ஒரு பருவம் மட்டுமே வாழ்ந்த சியாட்டில் பைலட்ஸ் அணியில் அவர் 1969இல் எழுதிய நாட்குறிப்பு அது. குடி, ஊக்க மாத்திரை, சம்பளப் பேரம் என்று உடைமாற்றும் அறையின் கதைகளை அவர் ஒளிவுமறைவின்றி எழுதியதற்காக, ஆட்டத்தின் ஆணையர் போவி கூன் அவரை நேரில் அழைத்துக் கண்டித்தார். அந்தக் கண்டிப்பே நூலுக்குப் பெரிய விளம்பரமாயிற்று என்பது தனிக்கதை.

ராபர்ட் பீட்டர்சனின் ‘ஒன்லி த பால் வாஸ் ஒயிட்’டும் 1970இல் வந்ததே. நிறவெறியால் ஒதுக்கப்பட்ட கறுப்பின ஆட்டக்காரர்களின் லீகுகளைப் பற்றிப் பதிவேடுகள் சிதறிக்கிடந்த காலத்தில், பழைய செய்தித்தாள்களையும் உயிரோடிருந்தவர்களின் நினைவையும் கொண்டு எழுதப்பட்டது. காலாவதியானது என்று அதைக் கழிக்க யாரேனும் பரிந்துரைத்தால், ஒரு சீட்டு மட்டும் உள்ளே ஒட்டிவையுங்கள்: அந்த லீகுகளின் கணக்குகள் 2024இல் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்க்கப்பட்டன, அவற்றில் ஆடிய ஜாஷ் கிப்சனின் .372 பேட்டிங் சராசரி (ஆயிரம் முறைக்கு 372 வெற்றியடி என்ற விகிதம்), அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் சராசரியைத் தாண்டி முதலிடத்தில் நிற்கிறது.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் வாசகன்