முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் பெண் ஓவியர்கள் தங்கி வரைய அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியை,
சென்னை வாழ் பெண் நிலக்காட்சி ஓவியர்கள் ஒன்பது பேர் சார்பாக,
சைதாப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
உயர்திரு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை,
சென்னை.

பொருள்: நீலகிரி மாவட்டம் முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் பெண் ஓவியர்கள் சில நாட்கள் தங்கி நிலக்காட்சி வரைய அனுமதியும், அதற்கெனத் தனி விண்ணப்ப வகையும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நாங்கள் ஒன்பது பேரும் இடத்திலேயே உட்கார்ந்து நிலக்காட்சி வரைவதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறவர்கள். எங்களில் மூவர் ஓவிய ஆசிரியைகள். ஒருவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரிலும் இளையவர், 1850இல் தொடங்கப்பட்ட நமது அரசு கவின் கலைக் கல்லூரியில் படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் வரைகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, சேர்த்து வைத்த பணத்தைக்கொண்டு நீலகிரி விரைவு ரயிலில் மேட்டுப்பாளையம் போய் மலை ஏறுகிறோம். அங்கே எங்களுக்கு நேர்ந்துவரும் ஒரு சிக்கலைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரவே இம்மனு.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் பிரிவு 28, காட்டுக்குள் நுழைய எந்தெந்தக் காரியங்களுக்கு அனுமதி தரலாம் என்று வரையறுக்கிறது. வன உயிரினங்களைப் பற்றி அறிதல், ஒளிப்படம் எடுத்தல், அறிவியல் ஆய்வு, சுற்றுலா, அங்கு வசிப்போரிடம் உள்ள முறையான அலுவல் ஆகியவை அதில் உள்ளன. வாழிடத்துக்குக் கேடில்லாத திரைப்படப் பதிவும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. பிரிவு 35இன் வழியே இது தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்துகிறது. ஓவியம் வரைதல் என்ற சொல் மட்டும் அதில் இல்லை. இதற்காக யாரையும் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. கேமரா வைத்திருப்பவர்கள் வந்து கேட்ட அளவுக்கு ஓவியர்கள் வந்து கேட்கவில்லை என்பதே காரணமாக இருக்கும் என்று கருதுகிறோம். ஆகவே இப்போது கேட்கிறோம்.

அந்தச் சொல் இல்லாததால் என்ன ஆகிறது என்பதற்கு எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையில் ஓர் அலுவலகத்தில் நாங்கள் நால்வர் விண்ணப்பித்தபோது, எங்களை எந்த வகையில் சேர்ப்பது என்று அங்கிருந்தவருக்கே விளங்கவில்லை. முதலில் ஒளிப்படம் என்று எழுதினார். கேமரா எங்கே என்று கேட்டுவிட்டு அந்தச் சொல்லை அடித்துவிட்டார். கடைசியில் சுற்றுலா என்று எழுதி மூன்று மணி நேரம் கொடுத்தார். கூட ஆண்கள் யாரும் வரவில்லையா என்ற கேள்வியும் வந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஆண்களிடம் அப்படி எதையும் கேட்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். மூடுபனி பதினொன்றே முக்காலுக்குத்தான் விலகியது. எதிர்ச்சரிவில் புல்லின் பழுப்பும், அதன் மடிப்பில் சோலைக்காட்டின் கரும்பச்சையும், அந்தப் பச்சைக்குள் நாவல் இனத்து மரங்களின் செந்தளிரும் ஒன்றாகத் தெரிந்த அந்தக் கணத்தில் வண்டி ஹாரன் அடித்தது. வாஷ் எனப்படும் முதல் நீர்த்த பூச்சுக்கூடக் காயாத தாள்களை மடியில் கிடத்திக்கொண்டு இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்ணம் ஒரு பக்கமாக வழிந்து, நான்கு படங்களும் வீணாயின.

நீர்வண்ணத்தில் வேலை செய்பவர்களுக்கு இது புரியும். சென்னையில் மே மாதத்தில் தூரிகையைக் கழுவித் திரும்புவதற்குள் தாள் காய்ந்துவிடும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, ஈரக்காற்றில், ஒரு பூச்சுக் காய்வதற்கு அரை மணிக்கு மேல் ஆகிறது. அடுத்த பூச்சுக்குக் காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் ஓவியர் மலையைப் பார்க்கிறார். நடந்துகொண்டே பார்ப்பவருக்குப் புல்வெளி ஒரே பச்சையாகத்தான் தெரியும். உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் அது ஆறு நிறமாகப் பிரிகிறது. எங்கள் தொழிலுக்கு மலையேற்றமோ வேகமோ தேவையில்லை. ஓரிடத்தில் அசையாமல், பேசாமல் உட்கார அனுமதிதான் தேவை.

முக்கூர்த்தியைக் குறிப்பாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. 1982இல் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்த 78.46 சதுர கிலோமீட்டரில், நமது மாநில விலங்கான வரையாட்டுக்காகவே காப்பாற்றப்பட்ட புல்வெளியும் சோலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் புல்வெளியின் தோற்றமே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நீலகிரியில் புல்லை விழுங்கின. அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணியை நீதிமன்ற ஆணையின்படி தங்கள் துறை செய்துவருகிறது. இன்று சீகை நிற்கும் ஒரு சரிவை இன்றே வரைந்து, அதே இடத்திலிருந்து ஐந்தாண்டு கழித்து மீண்டும் வரைந்தால், மீண்டுவந்த புல்லின் சாயலை ஊரிலிருக்கும் மக்களுக்குக் காட்ட முடியும். செயற்கைக்கோள் படம் பரப்பளவைச் சொல்லும். அந்தச் சரிவின் நிறத்தையும் ஒளியையும் சொல்லும் வேலையை நாங்கள் செய்து தருகிறோம்.

ஓவியத்தால் காட்டுக்கு நன்மை விளைந்ததற்கு வரலாறு உண்டு. 1871இல் அமெரிக்க ஓவியர் தாமஸ் மோரன் வரைந்து கொண்டுவந்த நீர்வண்ணப் படங்கள், மறு ஆண்டே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படுவதற்குத் துணைநின்றன. பெண்களும் பின்தங்கவில்லை. 1858இல் நீலகிரிக்கு வந்த, அன்றைய இந்தியத் தலைமை ஆளுநரின் மனைவி லேடி கேனிங்கின் நீர்வண்ணங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குன்னூரில் அவர் பெயரால் ஒரு காட்சிமுனையும் உண்டு. அமெரிக்காவில் அபி வில்லியம்ஸ் ஹில் 1903 முதல் ரயில்வே நிறுவனங்களுக்காக மலைகளை வரைந்தபோது, தம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கூடாரத்தில் தங்கியே வேலை செய்தார். அந்நாட்டின் ராக்கி மலைத் தேசியப் பூங்கா 1984 முதல் ஓவியர்களைத் தேர்ந்தெடுத்து, பூங்காவுக்குள்ளேயே ஒரு பழைய மரவீட்டில் இரண்டு வாரம் தங்கவைக்கிறது. ஓவியர் தம் படைப்பொன்றைப் பூங்காவுக்குத் தருகிறார். இதே ஏற்பாட்டைத்தான் நமது மலைக்கும் கேட்கிறோம்.

ஆகவே, ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு நேரத்தில் நால்வருக்கு மிகாமல், இரண்டு வாரங்களுக்கு, துறையின் ஓய்வு விடுதி அல்லது குடில் ஒன்றில் தங்கி, துறை காட்டும் இடத்தில் மட்டும் உட்கார்ந்து வரைய அனுமதி வழங்குமாறும், நுழைவு விண்ணப்பத்தில் ‘ஓவியம் வரைதல்’ என்ற ஒரு வரியைச் சேர்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சட்டத்தில் சொல்லைச் சேர்ப்பது தங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பதை அறிவோம். வன உயிரினங்களைப் பற்றி அறிதல் என்ற தலைப்பின்கீழ் ஓவியத்தையும் கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தாலே போதும். உடன் வரும் காவலர் பெண்ணாக இருந்தால் நலம். தங்குமிடத்தில் கதவு தாழிடக்கூடிய கழிப்பறை வேண்டும். எங்களில் சிலர் இத்தனை ஆண்டு மலையில் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல் வரைந்ததற்கு இது ஒன்றே காரணம் என்பதால் இதை எழுதக் கூசவில்லை.

நால்வரில் ஓர் இடம் நீலகிரிப் பெண் ஒருவருக்கே உரியதாக இருக்க வேண்டும் என்பதும் எங்கள் வேண்டுகோள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூத்துக்குளி என்ற போர்வையின் பூவேலையைக் கருப்பு, சிவப்பு நூலால் பின்னும் தொதவர் (தோடர்) பழங்குடிப் பெண்கள் அம்மலையின் முதல் கலைஞர்கள். அவர்களை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போய் உட்காருவது முறையாகாது. அவர்களுடைய குடியிருப்புகளான மந்துகளையும் புனித இடங்களையும் அவர்கள் ஒப்புதலின்றி வரைய மாட்டோம்.

எண்ணெய் வண்ணமும் டர்பன்டைனும் கொண்டுவர மாட்டோம். நாங்கள் வைத்திருக்கும் வண்ணங்கள் சிலவற்றில் காட்மியம், கோபால்ட் என்ற நச்சு உலோகங்கள் உண்டு. அந்தப் புல்வெளிச் சதுப்புகள்தான் கீழே ஓடும் ஆறுகளின் தலைமாடு. எனவே தூரிகை கழுவிய நீரை ஒரு சொட்டுக்கூட அங்கே கொட்டாமல் மூடியிட்ட புட்டியில் ஊருக்கே எடுத்துவருவோம். 2018 மார்ச்சில் மலையேறப் போய்க் குரங்கணிக் காட்டுத்தீயில் உயிரிழந்தவர்களில் எங்கள் ஊர்ப் பெண்களும் உண்டு. விதிகள் இறுகியதன் காரணம் எங்களுக்குத் தெரியும், அவற்றில் எதையும் தளர்த்தக் கேட்கவில்லை. தீக்காலத்திலும், வரையாடு குட்டி ஈனும் காலத்திலும் வர மாட்டோம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் துறைக்கு வசதியான நாட்களைக் குறித்துத் தந்தால் போதும்.

ஒவ்வோர் ஆண்டும் வரைந்தவற்றில் ஆளுக்கொரு படத்தைத் துறைக்கே அளிப்போம். துறையின் விளக்க மையங்களிலும் அரசுப் பள்ளிகளிலும் அவற்றை வைத்துக்கொள்ளலாம். 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி 2030இல் மீண்டும் பூக்கும். எங்களில் மூத்தவருக்கு இப்போது 71 வயது. அந்தப் பூப்புக்கு முன்பாகவே அச்சரிவுகளைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதால், வரும் பருவத்திற்கே முதல் அனுமதியை வழங்குமாறும், நேரில் விளக்கம் தேவைப்பட்டால் எங்கள் படங்களுடன் தங்கள் அலுவலகத்துக்கு வர ஒரு நாளைக் குறித்து அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: சென்னை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓவியர்கள் ஒன்பதின்மர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)