சாமானி கல்லறைச் சுவரில் சிமென்ட் வைக்காதீர்கள்: புகாரா பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரில் உங்கள் பொறுப்பில் இருக்கும் சாமானி அரச குடும்பக் கல்லறை 10-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். (தமிழில் படிப்பவர்கள் இதைச் 'சாமானியர்' கல்லறை என்று எண்ணிவிட வேண்டாம்.) 907-இல் இறந்த அக்குடும்பத்து அரசர் இஸ்மாயில் சாமானியின் பெயரால் வழங்கினாலும், கிழக்கு வாசல் மேலிருந்த மரப்பலகை அவருடைய பேரன் இரண்டாம் நஸ்ரின் பெயரையே சொல்கிறது.

அடுத்த மராமத்துக்கு ஒப்பந்தம் விடும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். புகாராவின் பிற்காலக் கட்டடங்களில் வண்ண ஓடு உதிர்ந்தால் மறுபடி ஒட்டலாம்; உள்ளே சுவர் அப்படியே இருக்கும். இங்கே அந்த வசதி இல்லை. ஏறத்தாழ 11 மீட்டர் சதுரம், அடியில் சுமார் 1.8 மீட்டர் கனமான சுவர், நான்கு பக்கமும் ஒரே மாதிரி வாசல், மூலைகளில் வளைவு எழுப்பிச் சதுரத்தை எண்கோணமாக்கி அதன்மேல் உட்கார்ந்த குவிமாடம். எல்லாமே சுட்ட செங்கல். அதையே படுக்கவைத்து, நிறுத்திவைத்து, சாய்த்து, வெளியே நீட்டிக் கூடை முடைந்ததுபோல் அடுக்கியிருக்கிறார்கள். பூவேலை உதிர்ந்தால் உதிர்வது சுவர்தான்.

உதிர வைப்பது உப்பு. புகாராவின் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கிறது, உப்பும் அதிகம். அந்த ஈரம் ஓதமாகச் சுவரில் ஏறி, செங்கல் முகத்தில் காய்ந்து, உப்பை விட்டுச் செல்கிறது. நீட்டி நிற்கும் செங்கலுக்குக் காற்று பல பக்கமும் படுவதால் அதுதான் முதலில் காயும், முதலில் பொரியும். வெளியே வெள்ளையாகப் பூக்கும் உப்பைத் துலக்கிவிடலாம். தோலுக்கு உள்ளே படிவதுதான் ஆபத்து. காய்ந்த சோடியம் சல்பேட் மறுபடி ஈரத்தை இழுத்தால் அதன் பருமன் மூன்று மடங்குக்கு மேல் பெருகும். எந்தச் செங்கல் தாங்கும்?

இதில் சிமென்ட் சாந்து பூசினால் இரண்டு கேடு. அது மூச்சு விடாது; ஈரம் முழுவதும் மென்மையான செங்கல் வழியே வெளியேறும், சாந்து நிற்கும், செங்கல் கரையும். அதோடு, அந்த வட்டாரத்தின் பழைய சாந்தான 'கன்ச்' ஜிப்சம் கலந்தது. ஈரம் இருக்கும் இடத்தில் ஜிப்சமும் சிமென்ட்டும் சேர்ந்தால் உப்பி வெடிக்கும். செங்கலைவிட மென்மையான சாந்தையே கேளுங்கள். நீர்புகாப் பூச்சும் வேண்டாம். அது உப்பை உள்ளேயே அடைத்துவிடும்.

வரிசையும் முக்கியம். முதலில் சுற்றியுள்ள புல்லுக்கும் மரத்துக்கும் பாய்ச்சும் நீரைச் சுவரிலிருந்து விலக்குங்கள். சுவரை ஒட்டிக் கல்தளம் போடாமல் சரளை விடுங்கள். தளம் போட்டால் மண்ணில் ஆவியாக வேண்டிய ஈரமெல்லாம் சுவரில் ஏறும். அதன் பிறகுதான் உப்பெடுப்பு: மென்மையான தூரிகையால் காயவே துலக்கி, காய்ச்சி வடித்த நீரில் குழைத்த காகிதக்கூழை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனத்தில் அப்பி, காய்ந்ததும் எடுத்து உப்பை அளக்க வேண்டும். குழாய் நீரால் கழுவவே கூடாது. ஓதத்தை நிறுத்தாமல் கூழ் அப்பினால், கீழிருந்து இன்னும் உப்பை இழுத்துக்கொண்டுதான் வரும்.

இப்படிக்கு,
பழஞ்செங்கல் கட்டட வேலை அறிந்தோர்