ஆச்சி காத்திருக்கிறேன்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பிவிடுவான், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று பள்ளியில் சொன்னார்களாமே. சொல்லும்போதே உன் குரல் கம்மிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். "ஆச்சி, பனி இம்புட்டு ஒசரம்!" என்று பேரன் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பையன் உள்ளே வந்ததும் அவனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். திரும்பிப் போனைப் பார்த்தவன், வாய் திறந்தபடி ஒரு நொடி நின்றான். அப்புறம், "ஆச்சி, அவனுக்கும் பூட்ஸ் நனைஞ்சிட்டு" என்றான்.

அந்த ஒரு நொடி பெரியவர்களுக்கும் உண்டு. எண்களை இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிச் சொல்லவைத்து ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். நன்றாக வரும் மொழிக்குத் திரும்பும்போதுதான் தாமதம் கூடியது என்று 1999இல் எழுதினார்கள். மற்ற மொழியைப் பேசும்போது நன்றாக வரும் மொழியை அழுத்திப் பிடித்திருக்க வேண்டியிருப்பதால் அப்படியாம். பேரனுக்கு இப்போதைக்குத் தமிழ்தானே நன்றாக வருகிறது! யாரிடம் எதைப் பேசுவது என்பதில் அவன் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

கோவில்பட்டிப் பக்கம் முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் முதல் மாதம் வாயே திறக்க மாட்டார்கள். பொங்கலுக்குள் வகுப்பில் தமிழும் வாசலில் அம்மாவிடம் தெலுங்கும் சரளமாக ஓடும்.

இரண்டு மொழி பேசினால் மூளை கூர்மையாகும் என்கிறார் மாப்பிள்ளை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். உங்கள் டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தின் எல்லன் பியாலிஸ்டாக் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் தமிழும் ஆங்கிலமும் பேசுகிற நம் ஆட்களும் இருந்தார்கள். திரையில் இடப்பக்கமோ வலப்பக்கமோ வண்ணச் சதுரம் வரும். பக்கத்தைக் கண்டுகொள்ளாமல் நிறத்துக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு மொழிக்காரர்களைவிட இவர்கள் குறைவாகத் தடுமாறினார்கள். படித்தபோது எனக்கு எவ்வளவு பெருமை! ஆனால் 2018இல் 152 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சாதகமான முடிவுகளே அதிகம் அச்சேறுகின்றன என்பதையும் கணக்கில் எடுத்தபோது, அந்த அனுகூலம் நிற்கவில்லை. அடுத்த வருஷம் அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 4,500 பேருக்கு மேல் சோதித்ததிலும் தெரியவில்லை. அதனால் சத்துமாவு மாதிரி நினைத்து அவனுக்குத் தமிழ் ஊட்ட வேண்டாம்.

இன்னொன்று. பள்ளியில் அவனுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல்லை மட்டும் எண்ணிவிட்டுக் குறைகிறது என்றால் கலங்காதே. தமிழில் தெரிந்ததையும் சேர்த்து எண்ணச் சொல்.

எனக்கு ஆங்கிலத்தில் கதை சொல்ல வராது அம்மா. அவனுக்குத் தமிழ் போய்விட்டால் நான் திரையில் சிரிக்கிற ஒரு கிழவி, அவ்வளவுதான். அதை நினைத்துத்தான் நேற்று விழித்துக் கிடந்தேன்.

வருகிற ஞாயிறு அவன் வாய் திறந்து நின்றால், நீ பக்கத்திலிருந்து சொல் எடுத்துக் கொடுக்காதே. நான் காத்திருக்கிறேன். முருங்கையில் அணில் கூடு கட்டியிருக்கிறது, அவனுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா