கைபேசி விளம்பரங்களில் ‘எந்த ஆண்டு வரை’ என்பதையும் அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மதுரை திருநகரில் வசிக்கும் நான், கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அதனாலோ என்னவோ, எங்கள் தெருவிலும் உறவிலும் யார் கைபேசி வாங்கப் புறப்பட்டாலும், “ஆண்ட்ராய்டு வாங்கலாமாண்ணே, ஐபோன் வாங்கலாமா?” என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஆறேழு ஆண்டுகளாக இதற்குப் பதில் சொல்லிப் பார்த்ததில், கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்பது எனக்கு உறுதியாகிவிட்டது: ‘இந்தக் கைபேசிக்குப் பாதுகாப்பு அப்டேட், அதாவது மென்பொருளின் ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அனுப்பும் திருத்தம், எந்த ஆண்டு வரை வரும்?’ அந்தக் கேள்வியைக் கடைக்காரரும் எடுத்துச் சொல்வதில்லை. தங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் முழுப்பக்கம் வரும் பண்டிகைக்கால விளம்பரங்களும் சொல்வதில்லை. அது குறித்தே இந்தக் கடிதம்.

முதலில் எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்தில் இருக்கும் என் தங்கை, வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். கழுத்து டிசைனை வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார்கள். அளவெடுத்ததும் அவள் அதைக் குரல் பதிவாக அவரவர் எண்ணிலேயே போட்டு வைத்துவிடுவாள். யார் எவ்வளவு முன்பணம் கொடுத்தார்கள், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதும் அதற்குள்தான் இருக்கும். சென்னையில் வேலை பார்க்கும் அவள் மகன், தான் புதிதாக ஒன்று வாங்கியபோது, அதுவரை வைத்திருந்த ஐபோன் 11-ஐ அம்மாவிடம் கொடுத்தான். பாசத்தோடு கொடுத்ததுதான், அவளுக்கும் பெருமை தாங்கவில்லை. இருவரும் ஒரு கடைக்குப் போய் சிம்மை மாற்றினார்கள். அவளுடைய பழைய ஆண்ட்ராய்டு கைபேசியைக் கடைக்காரர் அங்கேயே முழுவதுமாக அழித்து, ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை.

ஆண்ட்ராய்டு கைபேசியில் வாட்ஸ்அப் எடுத்து வைக்கும் நகல் கூகுள் டிரைவில் சேர்கிறது. ஐபோனில் எடுப்பது ஆப்பிளின் ஐகிளவுடில் சேர்கிறது; இரண்டும் இணையச் சேமிப்பிடங்கள். ஒன்றில் உள்ளதை மற்றொன்று திறந்து படிக்காது. அதற்காக, உரையாடல்களை அங்கிருந்து இங்கே கொண்டுவர வழியே கிடையாது என்று பொருள் இல்லை. ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலி மூலம் 2022 முதல் கொண்டுவரலாம். ஆனால் ஐபோன் புத்தம் புதிதாகவோ, எல்லாம் அழிக்கப்பட்டுப் புதிது போன்ற நிலையிலோ இருக்க வேண்டும், பழைய கைபேசி அழிக்கப்படாமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சற்று நேரம் பொறுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. அதைச் சொல்லக் கடையில் ஒருவரும் இல்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்த நேரம் அது. ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு, ‘பச்சைப் பட்டு, போட் நெக், கை பத்து’ என்று நினைவில் இருந்ததையெல்லாம் அவள் எழுதிக்கொண்டிருந்ததையும், நினைவுக்கு வராத இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்ததையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அந்த ஐபோனில் குறை ஒன்றும் இல்லை. என் மருமகன் கையில் இருந்தவரை அது அவனுக்குப் பொருத்தமாகவே இருந்தது. அவன் அலுவலகத்தில் பலரிடமும் ஐபோன்தான், எந்தச் சந்தேகம் வந்தாலும் அடுத்த நாற்காலியில் விடை கிடைத்துவிடும். தங்கையின் தெருவிலோ ஐபோன் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. ‘மதுரைக்கு வழி வாயிலே’ என்பார்கள். கேட்டுக் கேட்டுத்தான் நம்மில் பலர் கைபேசியைப் பழகுகிறோம். கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாத கைபேசி எவ்வளவு உயர்ந்ததானாலும் அன்றாடத்துக்கு உதவுவதில்லை. புதிய கைபேசியில் யு.பி.ஐ. செயலியைப் பதியும்போது நம் எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். ஆண்ட்ராய்டில் அனுமதி கொடுத்துவிட்டால் செயலியே அதை அனுப்பிவிடும். ஐபோனில் செய்தி எழுதப்பட்டுத் திரையில் நிற்கும், அனுப்பும் பொத்தானை நாம்தான் தொட வேண்டும். புரியாத எழுத்தும் எண்ணுமாக நின்ற அந்தச் செய்தியை ஏமாற்று வேலை என்று நினைத்துப் பயந்து, தங்கை இரண்டு நாள் அதைத் தொடாமலே இருந்துவிட்டாள். சார்ஜர் கதையும் அப்படியே: ஐபோனில் டைப்-சி துளை வந்தது 2023-இல் வெளியான ஐபோன் 15 முதல்தான் என்பதால், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் வாங்கிய வயர் எதுவும் பொருந்தவில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதலே, கைபேசியின் மெனு பட்டியல்கள் முழுவதையும் தமிழில் வைத்துக்கொள்ள முடிகிறது; 2017 முதல் கூகுள் விசைப்பலகையில் தமிழில் பேசியே எழுதலாம், நம் மதுரைப் பேச்சையும் பெரும்பாலும் சரியாகவே பிடித்துக்கொள்கிறது. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் என்ற தமிழ் விசைப்பலகைகள் நெடுநாளாகவே உள்ளன, எழுத்தும் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் பட்டியல்கள் தமிழில் வருவதற்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டிலும் தமிழ் உண்டு. இருந்தும், பெட்டியைப் பிரித்துக் கைபேசியை இயக்கிக் கொடுக்கும்போது, ‘தமிழில் வைக்கட்டுமா?’ என்று கேட்கும் கடையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இவ்வளவு சொல்வதால் ஆண்ட்ராய்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நான் வைத்திருப்பது ஆண்ட்ராய்டுதான். வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2022-இல் முக அடையாள முறையைக் கொண்டுவந்த பிறகு, ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றை வீட்டில் உட்கார்ந்தபடியே அதில் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அதே ஆண்ட்ராய்டில் எங்கள் தெருக்காரர் ஒருவர் பணத்தைப் பறிகொடுத்ததையும் பார்த்தேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை ஒன்றில் வேலை பார்ப்பவர் அவர். மல்லிகை விலை விடியற்காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று என்று மாறுவதால், நாள் முழுக்க வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய தொழில். முகூர்த்த மாதத்தில் ‘திருமண அழைப்பிதழ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. பத்திரிகை என்று நம்பித் தொட்டிருக்கிறார்; உண்மையில் அது ஒரு செயலி. ‘அறியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா?’ என்று கைபேசி கேட்டதற்கும், குறுஞ்செய்திகளைப் படிக்க அந்தச் செயலி அனுமதி கேட்டதற்கும், சாக்கு தூக்கிக்கொண்டிருந்த அவசரத்தில் சரி கொடுத்துவிட்டார். வங்கியிலிருந்து வந்த ஓ.டி.பி. எண்கள் அவர் கண்ணில் படும் முன்னரே எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டன. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் அவருக்குத் தெரிய வந்தது மறுநாள் மாலைதான். அதே கோப்பு ஐபோனுக்கு வந்திருந்தால் திறந்தே இருக்காது. அங்கே ஆப்பிளின் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து இப்படி ஒரு செயலியை நிறுவ முடியாது. போலி இணைப்பு, காவல்துறை அதிகாரி என்று மிரட்டும் அழைப்பு ஆகியவை எந்தக் கைபேசியிலும் வரும் என்பது உண்மை. ஆனாலும் கேட்டதற்கெல்லாம் ‘சரி’ என்று அழுத்திப் பழகிய வீட்டுப் பெரியவருக்கு ஐபோனின் அந்தக் கட்டுப்பாடு ஒரு காவல்தான். மாதத்தவணை கட்ட வழியிருந்து, சொல்லித்தர வீட்டில் ஆளும் இருந்தால், அவருக்கு அதை வாங்கிக் கொடுங்கள் என்றே நான் சொல்லி வருகிறேன்.

அந்தப் பூ மார்க்கெட் நண்பரின் கைபேசியை வாங்கி, அமைப்புகளுக்குள் போய்ப் பாதுகாப்பு அப்டேட் கடைசியாக வந்த தேதியைப் பார்த்தேன். இரண்டரை ஆண்டுக்கு முந்தைய தேதி. அந்த மோசடிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியில் கீறலும் இல்லாமல், பேட்டரியும் மாலை வரை தாங்கிக்கொண்டு, பார்வைக்கு நன்றாக இருக்கும் ஒரு கைபேசி, பாதுகாப்பைப் பொறுத்தவரை எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது என்பதும், அதில்தான் அவர் தினமும் கடைக் கணக்கைச் செலுத்தி வருகிறார் என்பதும் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்த இடத்தில்தான் ஆண்ட்ராய்டா, ஐபோனா என்ற கேள்வி பாதிக் கேள்வியாகிப் போகிறது. 2018-இல் வெளிவந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு, 2024-இன் புதிய மென்பொருள் பதிப்பும் கிடைத்தது. கூகுளின் பிக்சல் 8-க்கும் சாம்சங்கின் எஸ்24-க்கும் ஏழு ஆண்டுகள் அப்டேட் வரும் என்று அந்தந்த நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. அவையெல்லாம் விலை உயர்ந்தவை என்று விட்டுவிடலாம்; ஆனால் 2024 இறுதியில், இருபதாயிரம் ரூபாய்க்குள் வந்த சாம்சங் ஏ16-க்கும் ஆறு ஆண்டுகள் என்று அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய அதே விலையில், பளபளப்பில் ஒரு படி கூடுதலாகவே, இரண்டு மூன்று ஆண்டுகளில் அப்டேட் நின்றுபோகும் கைபேசிகளும் அதே மேசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மெகாபிக்சல் எவ்வளவு, ரேம் எவ்வளவு என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். எந்த ஆண்டு வரை என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் கைபேசிக்கு இரண்டு ஆண்டு மீதமிருந்தால், ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் ஆகிறது. பதினெட்டாயிரம் கொடுத்து வாங்குவதற்கு ஆறு ஆண்டு மீதமிருந்தால், ஆண்டுக்கு மூவாயிரம்தான். எது மலிவு என்று கூலி வேலை செய்பவரும் நொடியில் சொல்லிவிடுவார். அந்த ‘மீதம்’ எவ்வளவு என்பதுதான் அவர் கையில் கொடுக்கப்படுவதில்லை. மீதம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஆண்டுகள் பொதுவாக நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுபவை அல்ல, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுபவை. தள்ளுபடி என்று கூவி விற்கப்படும் பழைய மாடலில் விலையோடு சேர்ந்து ஆயுளும் குறைந்திருக்கிறது. என் தங்கைக்கு வந்த ஐபோன் 11 வெளியானது 2019-இல். அதன் ஆயுளில் பெரும்பகுதி மருமகன் கையிலேயே கழிந்துவிட்டது. நாளை அதன் கண்ணாடி உடைந்து, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஏதேனும் ஒரு கடையில் வேறு நிறுவனத்தின் திரையை மாற்றினால், திரை அசல்தானா என்று உறுதி செய்ய முடியவில்லை என்ற அறிவிப்பு வேறு அதில் வந்து நிற்கும்.

கைபேசி நன்றாக இருக்கும்போதே அதன் காலம் முடிந்துபோவதை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். விண்டோஸ் கைபேசிகளில் வாட்ஸ்அப் 2019 டிசம்பர் 31-உடன் நின்றது. மறுநாள் காலையில் அந்தக் கைபேசிகளில் மணி அடித்தது, டார்ச் எரிந்தது, படம் எடுத்தது; பேரப்பிள்ளையின் படம் மட்டும் வந்து சேரவில்லை.

இதற்கு வெளிநாடுகளில் வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எந்தக் காலம் வரை கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் வெளியிட்டாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய், 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள் அப்டேட் கொடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நம் நாட்டுக்கும் இது புதிய வழக்கம் அல்ல. பத்து ரூபாய் மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது; குளிர்பதனப் பெட்டியின் நெற்றியில் மின்சிக்கன நட்சத்திரங்கள் இருக்கின்றன. 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம். நிறுவனங்களின் போட்டி நியாயமாக நடக்க அவ்வளவு தூரம் போக முடிந்த நாட்டில், கைபேசிப் பெட்டியின் மேல் ஒரே ஒரு வரியை அச்சிடச் செய்வது முடியாத காரியம் அல்ல.

எனவே, ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, ‘பாதுகாப்பு அப்டேட் இந்த மாதம், இந்த ஆண்டு வரை’ என்ற வரியை, அதிகபட்ச சில்லறை விலைக்குப் பக்கத்திலேயே, விலை அச்சிடும் அதே அளவு எழுத்தில், தமிழ் உள்ளிட்ட அந்தந்த மாநில மொழியிலும் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். பழைய கைபேசியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள், அதை அழிப்பதற்கு முன், வாட்ஸ்அப்பும் படங்களும் புதிய கைபேசிக்கு வந்து சேர்ந்துவிட்டனவா என்று வாடிக்கையாளரையே திறந்து பார்க்கச் சொல்லி, அதன் பிறகே அழிக்க வேண்டும். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, மதுரையில் உள்ள கடைக்காரர்கள் நாளைக் காலையிலேயே தொடங்கலாம். தங்கள் நாளிதழும், வரும் தீபாவளிக்குக் கைபேசி விளம்பரம் கொடுக்க வருபவர்களிடம், விலைக்குக் கீழே அந்த ஆண்டையும் சேர்த்துக் கொடுக்கும்படி கேட்க வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர்,
திருநகர், மதுரை.